வெள்ளோட்டம்: ஒரு பச்சைக் கோடும் ஓர் அயனிப் பொறியும்

யாங்கோனின் நடுவே, நம்மவர்கள் இன்றும் ரங்கூன் என்றே சொல்லும் அந்த ஊரில், ஒரு காளியம்மன் கோவில் இருக்கிறது. தமிழகத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் 1871-இல் கட்டியது. அதே ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி காலை, வங்கக் கடலுக்கு இக்கரையில், தமிழ்நிலத்தின் குறுக்கே நிலவின் நிழல் ஓடியது. மேற்கே பேக்கல் கோட்டையருகில் கரையேறி, நீலகிரி, அவினாசி, புதுக்கோட்டை என்று கடந்து, யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் தொட்டுவிட்டுக் கடலில் இறங்கியது. முழுக் கிரகணம் நீடித்தது ஏறத்தாழ இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காக ஐரோப்பாவிலிருந்து தொலைநோக்கிகளைப் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பேக்கலில் நார்மன் லாக்யர் இருந்தார், நீலகிரியில் பிரெஞ்சுக்காரர் ழான்சென், அவினாசியில் சென்னை வானாய்வகத்தின் போக்சன்.

புதுக்கோட்டையில் நின்றவர் இத்தாலியின் லொரென்சோ ரெஸ்பிகி. ரங்கூனுக்கு வட்டித்தொழில் செய்யப் போன நகரத்தார் ஊர்களின் பக்கத்து ஊர் அது. ரெஸ்பிகி தன் தொலைநோக்கியின் முன் ஒரு பட்டகத்தை வைத்து, நிறமாலைமானியில் வழக்கமாக இருக்கும் மெல்லிய பிளவை எடுத்துவிட்டுப் பார்த்தார். பிளவு இல்லாததால் கோடுகள் கோடுகளாகத் தெரியவில்லை. கருத்த நிலவைச் சுற்றிச் சூரியனின் ஒளிமகுடம் நிறத்துக்கொரு வளையமாகப் பிரிந்து நின்றது: சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று. சிவப்பும் நீலமும் ஹைட்ரஜனுடையவை, தெரிந்த முகங்கள். பச்சைதான் எல்லாவற்றிலும் பிரகாசமாக, ஒரே சீராக இருந்தது. அது எந்தத் தனிமத்தின் ஒளி என்று அன்று பூமியில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தப் பச்சையைத் தேடிப்போன வழியில்தான் இந்தக் கட்டுரையின் பொருள் இருக்கிறது. உயர்மின்னூட்ட அயனிகளை, அதாவது எலெக்ட்ரான்களை நிறைய இழந்த அணுக்களை, உண்டாக்கிப் பிடித்துவைத்து, வேண்டும்போது வெளியே விடும் ஒரு பொறி; அதை முதன்முதலாக ஓடவைக்கும் வேலை. புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன்பே ஒருநாள் இழுத்துப் பார்ப்பதற்கு நம்மிடம் ஒரு சொல் உண்டு, வெள்ளோட்டம். ஆய்வகத்தில் ஒரு கருவியை முதலில் உயிர்ப்பித்துப் பார்க்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. அச்சு சரியாக இருக்கிறதா, சக்கரம் எங்கே உரசுகிறது, முட்டுக்கட்டை எங்கே வேண்டும் என்பதெல்லாம் தேர் நகர்ந்தால்தான் தெரியும்.

பச்சைக் கோட்டை முதலில் கண்டவர்கள் 1869-இல் அமெரிக்காவில் கிரகணம் பார்த்த சார்லஸ் யங்கும் வில்லியம் ஹார்க்னெஸ்ஸும். கிர்க்காஃப் வரைந்த நிறமாலைப் படத்தில் 1474 என்று எண்ணிட்டிருந்த ஓர் இரும்புக் கோட்டின் இடத்தில் அது விழுவதாகத் தோன்றியது. எனவே இரும்பு என்றார்கள். ஆனால் இரும்பின் மற்ற நூற்றுக்கணக்கான கோடுகள் எங்கே? 1898-இல் இந்தியாவின் மேல் இன்னொரு முழுக் கிரகணம் வந்தது. அப்போது எடுத்த படங்களில் அளந்தபோது கோட்டின் இடமே சற்றுத் தள்ளியிருந்தது, 530.3 நானோமீட்டரில். அப்படியானால் இரும்பு இல்லை என்று முடிவாயிற்று. ‘கொரோனியம்’ என்று பெயரிட்டிருந்த, பூமியில் இல்லாத புதுத் தனிமம் அது என்ற கருத்து வலுத்தது. 1868 கிரகணத்தின்போது கவனத்துக்கு வந்த மஞ்சள் கோடு ஹீலியமாகி, 1895-இல் அதை ராம்சே பூமியிலேயே கண்டெடுத்துவிட்ட காலம் அது. கொரோனியமும் ஒருநாள் கிடைக்கும் என்று நம்பியதில் தவறில்லை.

கிடைக்கவில்லை. தனிம அட்டவணை நிரம்ப நிரம்ப அதற்கு இடமே இல்லாமல் போயிற்று. 1920-இல் கல்கத்தாவின் மேகநாத் சாஹா, வெப்பம் ஏற ஏற அணு தன் எலெக்ட்ரான்களை எந்தக் கணக்கில் இழக்கிறது என்பதற்குச் சமன்பாடு எழுதினார். அணு ஒன்றாக இருந்தாலும் எத்தனை எலெக்ட்ரானை இழந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் ஒளி முற்றிலும் மாறும் என்ற புரிதல் ஊன்றியது. 1939-இல் ஜெர்மனியின் வால்டர் குரோட்ரியன், மகுடத்தின் வேறு இரண்டு கோடுகள் எலெக்ட்ரான்களை நிறைய இழந்த இரும்பின் ஆற்றல்நிலைகளோடு ஒத்துப்போவதைக் கவனித்தார். ஸ்வீடனின் பெங்ட் எட்லென் அடுத்த சில ஆண்டுகளில் கணக்கை முழுமையாக்கினார். பச்சைக் கோடு இரும்புதான். 26 எலெக்ட்ரான்களில் சரிபாதியை, பதின்மூன்றை, இழந்து நிற்கும் இரும்பு.

இரும்பு என்று சொல்லி, இரும்பு இல்லை என்று மறுத்து, மறுபடி இரும்பிலேயே வந்து நின்ற எழுபது ஆண்டு. பதின்மூன்றாவது எலெக்ட்ரானைப் பிடுங்க 361 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். ஹைட்ரஜனின் ஒற்றை எலெக்ட்ரானுக்கு 13.6 போதும். சூரியனின் மேற்பரப்போ 5,800 கெல்வின் அளவில்தான் இருக்கிறது. அந்தச் சூட்டில் இது நடக்காது. எனவே மகுடம் பத்து இருபது லட்சம் டிகிரியில் கொதிக்கிறது என்ற முடிவு தானாக வந்து விழுந்தது. அடுப்பை விட்டு விலக விலகச் சூடு கூடுகிறது என்பதைப் போன்ற செய்தி அது. ஏன் அப்படி என்ற கேள்விக்கு இன்றும் முழுவிடை இல்லை.

எட்லென் காட்டியது கணக்கு. நேரே ஆய்வகத்தில் அந்தப் பச்சையை எரியவைப்பது வேறு. இதில் ஒரு முரண் உண்டு. பதின்மூன்று எலெக்ட்ரான்களை உரிக்க அடி பலமாக வேண்டும்; ஆனால் உரித்தபின் அந்த அயனியை நிம்மதியாக விடவேண்டும். பச்சைக் கோடு, அயனியில் மிஞ்சியவற்றில் வெளிப்புற எலெக்ட்ரானின் தற்சுழற்சி தன் பாதையின் சுழற்சியோடு சேர்ந்தும் எதிர்த்தும் நிற்கும் இரு நிலைகளுக்கு இடையே பிறப்பது. இயற்பியலார் இதைத் தடைசெய்யப்பட்ட மாற்றம் என்பார்கள். தடை என்றால் நடக்கவே நடக்காது என்று பொருளில்லை. மிகத் தாமதமாக நடக்கும். சாதாரணமாக ஓர் அணு நானோ வினாடிகளில் ஒளியை உமிழ்ந்துவிடும். இது சராசரியாக 16.7 மில்லி வினாடி எடுத்துக்கொள்கிறது. அணுவின் கணக்கில் அது ஒரு யுகம். அடர்ந்த வாயுவிலோ மின்பொறியிலோ அதற்குள் எவராவது வந்து மோதிவிடுவார்கள், ஒளி வராமலே போய்விடும். சூரிய மகுடம் மெலிந்தது, அதனால் அங்கே தெரிகிறது. கொதிக்கவும் வேண்டும், வெறிச்சோடியும் இருக்கவேண்டும். இந்த இரண்டையும் ஓர் அறைக்குள் கொண்டுவருவதுதான் பொறியின் வேலை.

அதற்கான வித்து 1960-களில் சோவியத் ஒன்றியத்தின் துப்னாவில் விழுந்தது. யெவ்கேனி தோனெத்ஸ் ஒரு நீண்ட எலெக்ட்ரான் கற்றையின் உள்ளே அயனிகளைச் சிறைப்பிடித்து, மோதி மோதி உரித்து, ஒரு முனையில் வெளியே எடுத்தார். 1986-இல் கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் மார்ட்டன் லெவினும் ராஸ் மார்ஸும் அதைச் சில சென்டிமீட்டராகக் குறுக்கினார்கள். நீளம் குறைந்ததால் கற்றையின் தள்ளாட்டம் அடங்கியது. பக்கவாட்டில் சன்னல் வைத்து உள்ளே நடப்பதைப் பார்க்கவும் முடிந்தது. 1994-இல் அவர்களுடைய பெரிய பொறி யுரேனியத்தின் 92 எலெக்ட்ரான்களையும் கழற்றிக் காட்டியது. அதுவரை அதற்குப் பெரிய முடுக்கி ஒன்றே வேண்டியிருந்தது.

பொறியின் உள்ளே நடப்பது இது. ஒரு முனையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றிய கேத்தோடு. அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கற்றையாகப் புறப்படுகின்றன. நடுவில் மீகடத்திச் சுருள்கள் பல டெஸ்லா காந்தப்புலத்தால் அந்தக் கற்றையைத் தலைமுடிப் பருமனுக்கு நெரிக்கின்றன. எலெக்ட்ரான்கள் எதிர்மின் கொண்டவை. ஆகவே நெருங்கி ஓடும் கற்றையே நேர்மின் அயனிகளைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும் ஒரு பள்ளமாகிவிடுகிறது. பக்கவாட்டில் தப்ப முடியாது. முன்னும் பின்னும் ஓடாமலிருக்க, கற்றை புகுந்து செல்லும் மூன்று உலோகக் குழாய்களில் ஓரத்து இரண்டுக்கும் கூடுதல் வோல்ட் கொடுத்து வரப்பு கட்டுகிறார்கள். வயலில் மடைகட்டித் தண்ணீரை நிறுத்துவதைப்போல. உள்ளே விட்ட ஆர்கனோ இரும்போ தங்கமோ அங்கே கிடந்து, கற்றையின் எலெக்ட்ரான்களிடம் அடிமேல் அடி வாங்கி, ஒவ்வொன்றாகத் தன் எலெக்ட்ரான்களை இழக்கிறது. எதுவரை இழக்கும் என்பதைக் கற்றையின் ஆற்றல் தீர்மானிக்கிறது. கற்றையை 361-க்கும் 392-க்கும் இடைப்பட்ட எலெக்ட்ரான் வோல்ட்டில் நிறுத்தினால், இரும்பு பதின்மூன்றாவது எலெக்ட்ரானை இழக்கும், பதினான்காவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மகுடத்தின் பச்சைக்கு வேண்டிய அயனி இந்தச் சின்ன இடைவெளியில் கிடைக்கிறது.

படத்தில் இவ்வளவு எளிது. வெள்ளோட்டத்தில் ஒவ்வொன்றும் மல்லுக்கு நிற்கும்.

முதலில் வெற்றிடம். பொறியை மூடி, ஹீலியம் வாயுவைப் பூட்டுவாய்கள் மேல் ஊதி ஒழுக்கு பார்த்து, சூடேற்றும் நாடாக்களைச் சுற்றி, அலுமினியத் தாளைப் போர்த்தி, நாள்கணக்கில் வேகவைப்பார்கள். எஃகுச் சுவருக்குள் ஒளிந்திருக்கும் நீராவியும் ஹைட்ரஜனும் வெளியேற வேண்டும். அழுத்தமானியின் முள் 10⁻¹¹ மில்லிபாருக்கு இறங்கவேண்டும். காற்றழுத்தத்தை நூறு லட்சம் கோடியால் வகுத்தால் வரும் அளவு அது. அந்த வெறுமையிலும் ஒரு கன சென்டிமீட்டருக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் மூலக்கூறுகள் இருக்கும். ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், பாடுபட்டு உரித்த அயனி வழியில் ஒரு நீராவி மூலக்கூற்றைச் சந்தித்தால் போதும், அதனிடமிருந்து எலெக்ட்ரானைப் பறித்துக்கொண்டு ஒரு படி கீழே இறங்கிவிடும். அவசரப்பட்டு வேகவைப்பதைப் பாதியில் நிறுத்தியவர்கள் பின்னால் மாதக்கணக்கில் விலை கொடுப்பார்கள்.

அடுத்தது கேத்தோடு. அதை ஒரே மூச்சில் சூடாக்கக் கூடாது. சூடு ஏறும்போது அழுத்தம் எகிறும். நிறுத்தி, இறங்கவிட்டு, மறுபடி ஏற்றவேண்டும். பிறகு முதல் கற்றை, ஒரு மில்லி ஆம்பியர். அது கேத்தோடு அமைந்த எலெக்ட்ரான் துப்பாக்கியில் புறப்பட்டு, காந்தத்தின் நடுவச்சு வழியே, குழாய் எதையும் தொடாமல், மறுமுனைச் சேகரிப்பானில் போய் விழவேண்டும். ஆனால் காந்தத்தின் அச்சும் குழாய்களின் அச்சும் ஒன்றாக இருப்பது காகிதத்தில் மட்டும்தான். அரை மில்லிமீட்டர் விலகினாலும் கற்றை குழாயை உரசும். உரசுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. குழாயோடு இணைத்த மைக்ரோ ஆம்பியர் மானியில்தான் தெரியும். துப்பாக்கியை மயிரிழை நகர்த்தி, திருத்தும் சுருளில் மின்னோட்டத்தைச் சற்றே கூட்டி, மானியைப் பார்த்து, மறுபடி நகர்த்தி, அந்த இழப்பு கற்றையின் லட்சத்தில் ஒரு பங்குக்கு இறங்கும்வரை இதுதான் வேலை. வீணையில் சுதி சேர்ப்பவரின் காது இங்கே மானியைப் பார்க்கும் கண்ணுக்கு வரவேண்டும். பத்து மில்லி ஆம்பியரில் சரியாக இருந்தது ஐம்பதில் கெடும். ஐம்பதில் சரிசெய்தது நூறில் கெடும்.

கற்றை ஓடுகிறது என்பதால் உள்ளே அயனி இருக்கிறது என்று ஆகிவிடாது. அதற்குச் சாட்சி எக்ஸ் கதிர். கற்றையின் எலெக்ட்ரான் ஒன்று ஓர் அயனியில் போய் ஒட்டிக்கொள்ளும்போது, தன் ஓட்ட ஆற்றலும் கட்டுண்ட நிலையின் ஆற்றலும் சேர்ந்த தொகையை ஒரே கதிராக வெளியிடும். அந்தக் கதிரை அளந்தால் அயனி எந்த மின்னூட்டத்தில் நிற்கிறது என்பதோடு கற்றையின் உண்மையான ஆற்றலும் வெளிப்படும். மின்வழங்கியின் முகப்பில் எழுதியிருக்கும் எண் உண்மையான எண் இல்லை. கற்றை தன் சொந்த எதிர்மின்னாலேயே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மின்னோட்டத்தைக் கூட்டினால் குறைவும் கூடும். இரும்புக்கு நாம் பார்த்த இடைவெளி 31 வோல்ட்தான். முகப்பு எண்ணை நம்பினால் பச்சைக் கோட்டைத் தவறவிடலாம்.

எக்ஸ் கதிர் நிறமாலையில் ஒரு விருந்தாளி தவறாமல் தலைகாட்டுவார். எவரும் உள்ளே விடாத பேரியம். கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான் எளிதில் கிளம்பவேண்டும் என்று அதில் பேரியம் ஊட்டியிருக்கிறார்கள். சூட்டில் அது அணு அணுவாக ஆவியாகி, பொறிக்குள் வந்து குடியேறி, தானும் உயர்மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. கனத்த அயனி என்பதால் இலேசில் வெளியேறாது. மெலிந்தவற்றைத் தள்ளிவிட்டுப் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே சில வினாடிக்கு ஒருமுறை வரப்பை இறக்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புகிறார்கள். அதே சமயம் வெள்ளோட்டக்காரர்கள் இந்தப் பேரியத்தை முழுக்க வெறுப்பதில்லை. வேறொன்றையும் செலுத்தாமலே பொறி பிடிக்கிறதா இல்லையா என்று சொல்லும் முதல் செய்தி பல சமயம் அதனிடமிருந்துதான் வருகிறது.

பொறியை அயனி ஊற்றாக்குவது இதற்கும் அடுத்த கட்டம். வரப்புகளில் ஒன்றைச் சட்டென்று தாழ்த்தினால் அயனிகள் ஒரு கொத்தாக வெளியே பாயும். அவை ஒரு வளைக்கும் காந்தத்தின் ஊடே போகும்போது, நிறையை மின்னூட்டத்தால் வகுத்த எண்ணுக்கு ஏற்பப் பிரிந்து நிற்கும். காந்தப்புலத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் திரையில் ஒரு மலைத்தொடர் எழும். ஆர்கன் 40-இன் பத்து மின்னூட்டம் நான்கில், பதினாறு இரண்டரையில். அதிலும் பதினாறுக்கு ஒரு சிறப்பு உண்டு. அதுவரை ஏற 918 எலெக்ட்ரான் வோல்ட் போதும். பதினேழுக்குப் போக 4,121 வேண்டும். உள்கூடு அவ்வளவு கெட்டி. அதனால் நடுவில் எந்த ஆற்றலில் ஓட்டினாலும் பதினாறில் கூட்டம் சேரும். புதுப் பொறிக்கு ஆர்கனைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்த அடையாளமும் ஒரு காரணம்.

இங்கேதான் வெள்ளோட்டத்தின் மிகப் பெரிய மயக்கம் காத்திருக்கிறது. வகுத்த எண் இரண்டு என்ற இடத்தில் ஓர் அழகான சிகரம் எழும். எல்லா எலெக்ட்ரானையும் இழந்த கார்பன் என்று நெஞ்சு துள்ளும். ஆனால் 12-ஐ ஆறால் வகுத்தாலும், 14-ஐ ஏழால் வகுத்தாலும், 16-ஐ எட்டால் வகுத்தாலும் இரண்டுதான். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். ஹீலியமும் அங்கேதான். ஓர் எலெக்ட்ரானை மட்டும் இழந்த சாதாரண ஹைட்ரஜன் மூலக்கூறும் அங்கேதான். அதற்குப் பொறியே தேவையில்லை, பழைய ஒரு மின்குழாய் போதும். ஆர்கனின் பதினாறைப் போலவே நியான் 20-இன் எட்டும் இரண்டரையில் விழுகிறது. கைதேர்ந்தவர்கள் இதற்காக நைட்ரஜன் 15, நியான் 22 போன்ற அரிய ஐசோடோப்புகளைச் செலுத்தி, சிகரம் இடம்பெயர்கிறதா என்று பார்ப்பார்கள். பெயர்ந்தால்தான் நம்புவார்கள். தான் காணவிரும்பியதைக் கண்டபிறகும் அதைச் சந்தேகித்து இன்னொரு நாளைச் செலவிடும் இந்தப் பழக்கத்தைத்தான் நான் இந்தத் துறையில் மிகவும் மதிக்கிறேன்.

இவ்வளவு பாடுபட்டு எடுக்கும் அயனி எதற்கு? யாங்கோன்காரர்களுக்குச் சொல்வதானால் தங்கத்திலிருந்து தொடங்கலாம். ஊரின் எந்த மூலையிலிருந்தும் தெரியும் ஷ்வேடகோன் பகோடா, சுமார் 99 மீட்டர் உயரத்துக்குத் தங்கம் போர்த்தியது. அதே தங்கத்தை நியூயார்க்கின் லாங் தீவிலுள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில், 3.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் ஒளிவேகத்தை நெருங்க ஓடவிட்டு நேருக்கு நேர் மோதவிட்டார்கள். அண்டம் பிறந்த கணத்துக்கு நெருக்கமான சூட்டில் பொருள் எப்படி இருக்கும் என்று பார்க்க. மின்னூட்டம் இல்லாத அணுவை மின்புலத்தால் இழுக்க முடியாது. மின்னூட்டம் கூடினால் அதே வோல்ட்டில் கூடுதல் வேகம் கிடைக்கும். தொடக்கத்தில் 1970-களின் பழைய முடுக்கிகளும் பலநூறு மீட்டர் நீளக் குழாய்வழியும்தான் அங்கே தங்க அயனியைத் தந்தன. அவற்றுக்குப் பதிலாக ஜேம்ஸ் அலெஸ்ஸியும் எட்வர்ட் பீபியும் அலெக்ஸாந்தர் பிகினும் அவர்கள் குழுவினரும், தோனெத்ஸ் வழியில் ஒன்றரை மீட்டர் நீளப் பொறி ஒன்றைக் கட்டினார்கள். 5 டெஸ்லா காந்தம், பத்து ஆம்பியர் வரை கற்றை. 2010-இல் அது ஓடத் தொடங்கியது. 79 எலெக்ட்ரான்களில் 32 இழந்த தங்கம் அதன் முக்கியச் சரக்கு. 2012-இல் அந்த வளையத்தில் யுரேனியமும் யுரேனியமும் முதன்முறையாக மோதியது இந்தப் பொறி வந்ததால்தான்.

எவ்வளவு தங்கம் செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து ஆம்பியர் கற்றை 20,000 எலெக்ட்ரான் வோல்ட்டில் ஓடினால், ஒன்றரை மீட்டர் நீளத்தில் எந்தக் கணமும் இருக்கும் எலெக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி. பள்ளம் அதற்குமேல் நேர்மின்னைத் தாங்காது. தங்க அணு ஒவ்வொன்றும் 32 மின்னூட்டம் கொண்டால் அதிகபட்சம் மூவாயிரத்து ஐந்நூறு கோடி அணுக்கள் கொள்ளும். நிறையில் அது ஒரு கிராமின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. புத்தர் சிலையில் பக்தர் ஒட்டும் தங்க ரேக்கில் ஒரு மில்லிகிராம் அளவைச் சுரண்டினால், வீணாக்காமல் பயன்படுத்த முடிந்தால், பொறியைப் பத்துக்கோடி முறை நிரப்பலாம்.

இந்தியாவில் உயர்மின்னூட்ட அயனிக்கு அதிகம் பழகிய வழி வேறு. காந்தப் புட்டிக்குள் வாயுவை வைத்து, நுண்ணலையால் எலெக்ட்ரான்களைச் சுழற்றிச் சூடாக்கும் முறை. கிரெனோபிளில் ரிச்சர்ட் கெல்லர் வளர்த்தது. யாங்கோனுக்கு வங்கக் கடலின் மறுகரையாக இருக்கும் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையத்திலும், மும்பையின் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்திலும் அத்தகைய ஊற்றுகள் உண்டு. தில்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தில் பிகேடெலிஸ் என்ற ஊற்று, அதிவெப்ப மீகடத்திச் சுருள்களைக் கொண்டது. திரவ ஹீலியம் வேண்டாம், குளிரூட்டும் எந்திரமே போதும். இவ்வகை ஊற்று நிற்காமல், நிறைய அயனிகளைப் பொழியும். எலெக்ட்ரான் கற்றைப் பொறி குறைவாகத்தான் தரும். ஆனால் உரிப்பதில் அதன் ஆழத்தை மற்றது எட்டாது.

திரவ ஹீலியத்தைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எலெக்ட்ரான் கற்றைப் பொறிகள் இவ்வளவு காலமும் பெரும்பாலும் பணக்கார நாடுகளின் ஆய்வகங்களில் இருந்ததற்கு, அவற்றின் மீகடத்திச் சுருள்களைக் குளிர்விக்கும் அதன் விலை ஒரு பெரிய காரணம். 2018-இல் ஹைடல்பெர்க்கின் மாக்ஸ் பிளாங்க் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில் ஹோசே கிரெஸ்போ லோபெஸ்-உருத்தியாவின் குழு, மேசைமேல் வைக்கத்தக்க பொறி ஒன்றை வெளியிட்டது. மீகடத்தியை விட்டுவிட்டு நிலைக்காந்தங்களை அடுக்கி 0.86 டெஸ்லா புலத்தைப் பெற்றார்கள். ஹீலியமும் வேண்டாம், சுருளுக்கு மின்சாரமும் வேண்டாம். யுரேனியத்தை உரிக்க முடியாது. ஆர்கனையும் இரும்பையும் வேண்டிய மட்டும் உரிக்கலாம். அதே வடிவத்தில் செய்த பொறி பிரவுன்ஷ்வைக்கின் அளவியல் நிறுவனத்தில் பதின்மூன்று எலெக்ட்ரான் இழந்த ஆர்கனைத் தந்தது. அதிலிருந்து ஓர் அயனியை எடுத்து, குளிர்ந்த பெரிலியம் அயனிகளின் நடுவே அமர்த்தி, அதன் 441 நானோமீட்டர் ஒளியை அளந்தார்கள். 2020-இல் அந்த அளவை முன்னைவிடப் பத்துக்கோடி மடங்கு துல்லியமாகியிருந்தது. 2022-இல் அந்த அயனியை வைத்து ஒரு கடிகாரமே ஓடியது.

மின்வெட்டு அன்றாடமாகிப்போன யாங்கோனிலோ, மானியம் குறைந்த நம் ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றிலோ இப்படி ஒரு பொறி நடக்குமா? காந்தத்துக்கு மின்சாரம் வேண்டாம் என்பதால் ஒரு தலைவலி போயிற்று. வெற்றிடம்தான் மிச்சம். பம்புகள் நின்றால் நாள்கணக்கில் வேகவைத்தது வீணாகும். ஆனால் வாயுவை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கெட்டர் எனும் உலோகப் பரப்புகள் மின்சாரம் இல்லாமலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆர்கன் போன்ற மந்த வாயுக்களிடம் அவை தோற்கும். அதற்கு ஒரு சிறு அயனி பம்பை மின்கலத்தில் ஓட்டலாம். எக்ஸ் கதிருக்குத் தடுப்பு கட்டாயம். இவை தீர்க்கமுடியாத சிக்கல்கள் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கருவியைப் பூட்டிய பெட்டியாக விலைக்கு வாங்கி, விற்றவரின் ஆள் வந்து பொத்தானை அழுத்திக் காட்டிவிட்டுப் போவதைத்தான் நான் அஞ்சுகிறேன். வெள்ளோட்டத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட்ட மாணவர்களுக்குக் கருவி கிடைக்கும்; உரசல் எங்கே என்று உணரும் கை கிடைக்காது.

பச்சைக் கோட்டுக்கு வருவோம். 2023 செப்டம்பர் 2-இல் சிறீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா-எல்1, பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம் செய்த ஒளிமகுடமானியைச் சுமந்து சென்றது. நிலவு மறைப்பதற்குப் பதிலாக, கருவிக்குள்ளேயே சூரிய வட்டின் ஒளியை விலக்கிவிடுகிறார்கள். அந்தக் கருவி பார்க்கும் நிறங்களில் ஒன்று 530.3. அந்தப் பச்சையிலிருந்து மகுடத்தின் வெப்பத்தையும் அடர்த்தியையும் கணிக்க வேண்டுமானால், கிளர்ந்த இரும்பு அயனி ஒளியை உமிழ எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரியவேண்டும். மேலே சொன்ன 16.7 மில்லி வினாடி 2007-இல் வெளியான அளவை. ஹைடல்பெர்க்கின் பெரிய பொறியில் எடுத்தது.

அளந்த விதம் எளிமையானது. இரும்பைப் பதின்மூன்றுக்கு உரித்து நிறுத்துகிறார்கள். சட்டென்று எலெக்ட்ரான் கற்றையை அணைக்கிறார்கள். பள்ளம் மறைந்துவிடும், ஆனால் காந்தப்புலமும் வரப்பும் அயனிகளைக் கொஞ்ச நேரம் கலையாமல் வைத்திருக்கும். இனி எவரும் அவற்றை அடிக்கப்போவதில்லை. பச்சை வடிகட்டிக்குப் பின்னால் ஓர் ஒளியுணரி, வந்துசேரும் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. முதல் மில்லி வினாடியில் நிறைய, பிறகு குறைவாக, இன்னும் குறைவாக. பதினாறே முக்கால் மில்லி வினாடி ஆகும்போது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம் மிச்சம். மறுபடி கற்றையை ஏற்றி, அணைத்து, எண்ணி, திரும்பத் திரும்ப. சன்னலுக்கு வெளியே வந்து விழுவது புதுக்கோட்டையில் ரெஸ்பிகி கண்ட அதே பச்சை.